'இஹ் பின் ஹைஸ்!' - 61 வயதில் ஜெர்மன் வகுப்புக்குப் போன இங்கிலீஷ் டீச்சர்

ஏப்ரல் மாதம். சென்னையில் ஒரு ஜெர்மன் வகுப்பு. ஏ.சி. ரிப்பேர். இருபது பேர் உட்கார்ந்திருந்த அந்த அறையில் நான்தான் மூத்தவள். எனக்கு அடுத்தபடியாக மூத்தவருக்கு வயது 34. ஆசிரியர் உள்ளே வந்ததும் வழக்கம்போல 'எப்படி இருக்கீங்க?' என்று ஜெர்மனில் கேட்டார். மூன்று வாரம் படித்த தைரியத்தில் நான் கையைத் தூக்கினேன். புழுக்கமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இங்கிலீஷில் 'ஐ ஆம் ஹாட்'. 'ஐ' என்றால் 'இஹ்', 'ஆம்' என்றால் 'பின்', 'ஹாட்' என்றால் 'ஹைஸ்'. மூன்றையும் வரிசையாக அடுக்கிக் கணீரென்று சொன்னேன்.

"இஹ் பின் ஹைஸ்!"

ஆசிரியர் உதட்டைக் கடித்துக்கொண்டு போர்டு பக்கம் திரும்பிவிட்டார். கடைசி வரிசையில் இரண்டு பையன்கள் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார்கள். நான் சொன்னதற்கு ஜெர்மனில் இருக்கும் அர்த்தத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. பேரன் பேத்தி எடுத்த பெண்மணி, நாலு பேர் முன்னிலையில், கண்டிப்பாகச் சொல்லக் கூடாத அர்த்தம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகு ஆசிரியர் சரியான வாக்கியத்தை எழுதினார். 'மீர் இஸ்ட் ஹைஸ்.' ஏன் 'இஹ்' இல்லை, ஏன் 'மீர்' என்று இங்கிலீஷில் விளக்கினார். 'டு மீ இட் இஸ் ஹாட்' என்றார். எனக்கு மண்டையில் ஏறவில்லை. அப்போது பக்கத்தில் இருந்த என் தங்கை மகள் காதோரமாகச் சொன்னாள்.

"பெரியம்மா, 'மீர்'னா 'எனக்கு'. 'எனக்குப் புழுக்கமா இருக்கு'ன்னுதானே நாம சொல்வோம்? 'நான் புழுக்கமா இருக்கேன்'னா சொல்வோம்?"

33 வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். அவளோ பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அந்த ஒரு நிமிடத்தில் எங்கள் இருவருக்கும் இடையில் ஏதோ இடம் மாறிவிட்டது. அது என்ன என்று எனக்குப் புரிய இன்னும் ஐந்து மாதம் ஆனது.

பாப்பாவுக்கு ஏன் ஜெர்மன்?

அவளை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். வயது 27. சொந்த ஊர் பொறையார். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். கையில் வந்த சம்பளம் ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் போக, ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது சொற்பம். கூட வேலை பார்த்த கேரளத்துப் பெண்கள் ஒவ்வொருவராக ஜெர்மனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மனியில் முதியவர்கள் அதிகம், பார்த்துக்கொள்ளக் கைகள் குறைவு. இந்தியர்களுக்குக் கொடுக்கும் திறன்மிகு பணியாளர் விசாக்களை வருடத்துக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. ஆனால் நர்ஸ் என்றால் பட்டமும் அனுபவமும் மட்டும் போதாது. வலியில் இருக்கும் நோயாளி முனகுவது புரிய வேண்டும். அதனால் அங்கே முழு அங்கீகாரத்துடன் நர்ஸாக வேலை செய்யப் பொதுவாக 'பி2' நிலை ஜெர்மன் கேட்கிறார்கள்.

ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். பி2 நான்காவது படி. செய்தி கேட்டுப் புரிந்துகொண்டு, ஒரு விஷயத்தைப் பற்றிச் சில நிமிடம் பேசி, எதிரில் இருப்பவருடன் வாதாடத் தெரிய வேண்டும். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். கெதே நிறுவனத் தேர்வில் ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் 60 எடுத்தாக வேண்டும். (இந்தியாவில் இந்த நிறுவனத்தை மாக்ஸ் முல்லர் பவன் என்பார்கள். சென்னையில் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் வாழ்நாளில் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை என்பது தனிக்கதை.)

பாப்பாவின் படிப்புக்காக என் தங்கை தன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்தாள். பாப்பா வேலையை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்து தங்கினாள். "எனக்கு இங்கிலீஷே தகராறு பெரியம்மா. ஜெர்மன் எப்படி வரும்?" என்று முதல் நாளே அழுதாள். "ஜெர்மன் இங்கிலீஷுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்டி. நானும் கூட வர்றேன், வா" என்று நானும் பணம் கட்டிச் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற திமிர் என்றும் சொல்லலாம். "இந்த வயசுல உனக்கு என்ன டெர், டீ, டாஸ்?" என்றார் வீட்டுக்காரர்.

ஒண்ணுவிட்ட அண்ணன்தான்... ஆனால்!

உறவு உண்மைதான். முதல் இரண்டு வாரம் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ஹாண்ட் என்றால் ஹாண்ட், ஃபிங்கர் என்றால் ஃபிங்கர், ஹவுஸ் என்றால் ஹவுஸ். கொஞ்சம் மாறியிருக்கும் சொற்களிலும் ஓர் ஒழுங்கு தெரிந்தது. இங்கிலீஷில் 'ட' வரும் இடத்தில் ஜெர்மனில் 'ஸ' அல்லது 'ட்ஸ' வரும்: வாட்டர்-வாஸர், டென்-ட்ஸேன், சால்ட்-ஸால்ட்ஸ். 'ப' இருந்தால் அது 'ஃப' பக்கம் சாயும்: ஷிப்-ஷிஃப், ஆப்பிள்-ஆப்ஃபெல், பெப்பர்-ப்ஃபெஃபர். 'த்ரீ' அங்கே 'ட்ரை'. 'திங்' அங்கே 'டிங்'. இந்த ஒலி மாற்றங்களையெல்லாம் 1822-லேயே வரிசைப்படுத்தி எழுதியவர் யார் தெரியுமா? நாம் சின்ன வயதில் படித்த தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாகோப் கிரிம்.

இந்தச் சூத்திரம் கையில் இருந்தால், பார்த்தே இராத நூறு சொற்களை ஊகித்துவிடலாம். இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கு ஜெர்மன் மலையேற்றம் இல்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையமும் சொல்கிறது. அவர்களுடைய கணக்கில் தங்கள் அதிகாரி ஒருவர் ஜெர்மன் கற்கச் சுமார் 36 வாரம். தமிழுக்கு 44 வாரம். சீனத்துக்கும் ஜப்பானிய மொழிக்கும் 88 வாரம்.

36 வாரம்தானே என்று நினைத்தேன். அவர்கள் வேறு வேலையே இல்லாமல் நாள் முழுக்கப் படிக்கிறவர்கள் என்பதை யோசிக்கவில்லை.

முதல் அடி சாப்பாட்டு மேஜையில் விழுந்தது. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண், பெண், இரண்டும் இல்லாதது என்று மூன்று பாலில் ஒன்று. அதற்கேற்ப முன்னால் 'டெர்', 'டீ', 'டாஸ்'. ஸ்பூன் ஆண், டெர் லோஃபெல். முள்கரண்டி பெண், டீ காபெல். கத்தி இரண்டும் இல்லை, டாஸ் மெஸ்ஸர். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. நமக்குச் சூரியன், சந்திரன் இரண்டுமே ஆண். அவர்களுக்குச் சூரியன் பெண், சந்திரன் ஆண். 'மேட்ஷென்' என்றால் சிறுமி. அவள் பெண்பால் இல்லை, 'டாஸ்'! 'ஷென்' என்று முடியும் செல்லப் பெயர்கள் எல்லாமே டாஸ் என்பது விதி. அந்தச் சிறுமியிடம் போய் யார் சொல்வது?

இதே இடத்தில் தடுக்கி விழுந்த பெரிய மனிதர் ஒருவர் உண்டு. அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வெய்ன். 1878-ல் குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போய், ஹைடல்பர்க் நகரில் கோடையைக் கழித்தவர், ஜெர்மனோடு மல்லுக்கட்டினார். 1880-ல் வந்த பயண நூலின் பின்னிணைப்பாக, 'கொடுமையான ஜெர்மன் மொழி' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார். டர்னிப் கிழங்குக்குப் பெண்பால் கொடுத்துவிட்டு, இளம்பெண்ணுக்குப் பாலே இல்லை என்கிறார்களே என்று அதில் கேலி செய்திருப்பார். வாக்கியம் ஒரு பக்கம் ஓடியபிறகு கடைசியில் வினைச்சொல் வருகிறதே என்றும் புலம்பியிருப்பார். ஜெர்மன் கற்கும் இங்கிலீஷ்காரர்கள் இன்றைக்கும் அந்தக் கட்டுரையைப் படித்துத்தான் ஆறுதல் அடைகிறார்கள். ஆனால் மனிதர் விட்டுவிடவில்லை. 1897-ல் வியன்னா பத்திரிகையாளர் சங்கத்தில், ஜெர்மன் மொழியின் பயங்கரங்களைப் பற்றி ஜெர்மன் மொழியிலேயே மேடையேறிப் பேசினார். அப்போது அவருக்கு வயது 61. என் வயது.

விஷத்தைப் பரிசாகக் கொடுத்தேன்

அண்ணன் தம்பிகளுக்குள் முகஜாடை ஒன்றாக இருக்கும், குணம் வேறாக இருக்கும். ஜெர்மனில் 'கிஃப்ட்' என்றால் விஷம். 'ஹேண்டி' என்றால் மொபைல் போன். 'ஷெஃப்' என்றால் சமையல்காரர் இல்லை, மேலதிகாரி. 'ஃபாஸ்ட்' என்றால் வேகம் இல்லை, 'கிட்டத்தட்ட'. 'வேர்' என்றால் எங்கே இல்லை, 'யார்'. எங்கே என்பதற்கு 'வோ'. இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு இதில் குழப்பமே வராது. தெரிந்தவர்களுக்குத்தான் கண்ணி.

நான் வகையாக மாட்டியது 'பெகொம்மன்' என்ற சொல்லில். பார்த்தால் இங்கிலீஷின் 'பிகம்' மாதிரியே இருக்கும். அர்த்தமோ 'கிடைப்பது', 'பெறுவது'. ஏ2 வகுப்பில் வாழ்க்கைக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். '1988-ல் நான் ஆசிரியை ஆனேன்' என்று எழுதினேன். திரும்பி வந்த நோட்டில் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'நீங்கள் எழுதியிருப்பதன் பொருள்: 1988-ல் எனக்கு ஒரு ஆசிரியை கிடைத்தார்.'

33 வருடம் சிவப்பு மை என் கையில் இருந்தது. இப்போது அது என் நோட்டில். வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

பாப்பா வகுப்புக்கு வரவில்லை

என் கதை சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கதை அப்படியில்லை. ஏ2 பாதியில் பாப்பா ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை. தலைவலி என்றாள். காய்ச்சல் என்றாள். கடைசியில் ஓர் இரவு விஷயம் வெளியே வந்தது. வகுப்பில் எல்லா விளக்கமும் இங்கிலீஷில். அவள் போனில் இறக்கிய ஆப்களும் இங்கிலீஷ் வழியாகத்தான் ஜெர்மன் சொல்லித்தந்தன. ஒரு ஜெர்மன் வாக்கியத்தைப் பார்த்தால், அதை இங்கிலீஷில் மாற்றி, அந்த இங்கிலீஷைத் தமிழில் மாற்றி, பிறகு பதிலைத் தமிழில் யோசித்து, இங்கிலீஷுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜெர்மனுக்கு... "நான் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க அடுத்த கேள்விக்குப் போயிடுறாங்க பெரியம்மா. எனக்கு ரெண்டு பாஷை சேர்த்து ஃபெயில். அம்மாகிட்ட சொல்லிடுங்க, சங்கிலியை எப்படியாவது நானே மீட்டுத் தர்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் பள்ளியில் இருந்த காலம் முழுக்கப் பிள்ளைகளிடம் சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. 'தமிழை வகுப்புக்கு வெளியே விட்டுட்டு வா. இங்கிலீஷ்லயே யோசி.' தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம்கூட வாங்கியிருக்கிறேன். இப்போது அதே வார்த்தை என் வீட்டுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த ஏப்ரல் வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. 'மீர்னா எனக்கு.' யாரும் சொல்லித்தராமல் அதை அவளாகக் கண்டுபிடித்தாள். என் இங்கிலீஷ்தான் என்னை ஏமாற்றியது.

மறுநாள் காலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் ஜெர்மன், வலது பக்கம் தமிழ். இங்கிலீஷுக்கு இடமில்லை. "இனி நீ சொல்லு, நான் எழுதுறேன்" என்றேன்.

'உனக்கு' உதவுறேன்

ஜெர்மனில் நான்கு வேற்றுமைகள். நாமினாட்டிவ், அக்குஸாட்டிவ், டாட்டிவ், கெனிட்டிவ். இங்கிலீஷ்காரர்களுக்கு இது பெரிய தலைவேதனை. அவர்கள் மொழியில் வேற்றுமை உருபுகள் பெரும்பாலும் தேய்ந்து போய்விட்டன. 'ஐ சீ யூ', 'ஐ ஹெல்ப் யூ' இரண்டிலும் ஒரே 'யூ'தான். அதனால் ஜெர்மனில் எங்கே 'டிஹ்', எங்கே 'டீர்' என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். நானும் செய்தேன்.

பாப்பா பட்டியல் போடவில்லை. "உன்னைப் பார்க்கிறேன். 'ஐ' வருது, அதனால 'டிஹ்'. உனக்கு உதவுறேன். 'கு' வருது, அதனால 'டீர்'. அவ்வளவுதானே?" என்றாள். ஏழாம் வகுப்பில் படித்த இரண்டாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் அவளுக்கு அப்படியே கை கொடுத்தன. உங்களுக்கு நன்றி: 'கு', டாட்டிவ், சரி. அது எனக்குப் பிடிச்சிருக்கு: 'கு', டாட்டிவ், சரி. அது எனக்குச் சொந்தம்: அதுவும் சரி. உன்னைக் கேட்கிறேன்: 'ஐ', அக்குஸாட்டிவ், சரி! ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் நிரம்பியது. எல்லாமே பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். 'உன்னை நம்புறேன்' என்பது அங்கே 'உனக்கு நம்புறேன்' ஆகிவிடும். அப்படிப்பட்டவற்றைச் சிவப்பு மையில் எழுதினோம். சிவப்பு குறைவாகத்தான் இருந்தது.

பிறகு வாக்கியத்துக்கு வந்தோம். மார்க் ட்வெய்ன் புலம்பிய அதே இடம். இங்கிலீஷில் 'ஐ வாண்ட் டு கோ டு பெர்லின் பை பஸ் டுமாரோ' என்போம். ஜெர்மனில் 'நான் வேண்டும்' என்று தொடங்கி, நாளைக்கு, பஸ்ஸில், பெர்லினுக்கு, கடைசியில் 'போக'. முதலில் காலம், அப்புறம் எப்படி, அப்புறம் எங்கே. இங்கிலீஷ்காரர்களுக்கு இதைத் தலைகீழாக்கிப் பழகவே வாரக்கணக்கில் ஆகும். நாம் சொல்வதைக் கவனியுங்கள்: 'நான் நாளைக்கு பஸ்ல பெர்லினுக்குப் போகணும்.' காலம், எப்படி, எங்கே, கடைசியில் வினை. இதைப் பார்த்ததும் பாப்பா எழுந்து நின்றுவிட்டாள்.

அவளுடைய வேலைக்கு ரொம்பத் தேவையானது 'வைல்' என்ற சொல். 'ஏனென்றால்' என்று அர்த்தம். அது வந்துவிட்டால் அந்தத் துண்டின் வினை கடைசிக்குப் போய்விடும். ஷிப்ட் மாறும்போது சொல்ல வேண்டிய வாக்கியம்: 'நோயாளி எதுவும் சாப்பிடவில்லை, ஏனென்றால் அவருக்குக் குமட்டலாக இருந்தது.' ஜெர்மனில் கடைசிப் பகுதி 'வைல் ஈம் ஷ்லெஹ்ட் வார்'. 'ஈம்' என்றால் அவருக்கு. 'ஷ்லெஹ்ட்' இங்கே குமட்டல். 'வார்' என்றால் இருந்தது. அவருக்கு-குமட்டலாக-இருந்தது. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை.

மரியாதையும் அப்படித்தான். நண்பனுக்கு 'டூ', பெரியவர்களுக்கும் புதியவர்களுக்கும் 'ஸீ'. அந்த 'ஸீ'க்குப் பன்மை வினை போட வேண்டும் என்றதும் இங்கிலீஷ் மீடியம் பையன் ஒருவன், "ஒரே ஆள்தானே சார், எதுக்குப் பன்மை?" என்று கேட்டான். பாப்பா சிரித்தாள். "உங்க தாத்தாவை நீ 'வந்தான்'னா சொல்லுவே?"

கையுறை என்ற சொல்லைக் கண்டுபிடித்தது நான்தான் என்று கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். கைக்கு உறை நமக்கு. அவர்களுக்குக் கைக்கு ஷூ, 'ஹாண்ட்ஷூ'. இரத்த அழுத்தம், 'ப்ளூட்ட்ருக்'. ப்ளூட் இரத்தம், ட்ருக் அழுத்தம். சொற்களை ஒட்டி ஒட்டித் தொகையாக்குவது நமக்குப் புதிதா என்ன?

பாப்பாவின் ஊருக்குப் பக்கத்தில்தான் தரங்கம்பாடி. 1706-ல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்க் என்ற ஜெர்மானியர் தமிழ் கற்று, தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி, 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டார். "அவர் வந்த வழியிலயே நான் திரும்பிப் போறேன்னு நெனச்சுக்கிறேன் பெரியம்மா" என்றாள் பாப்பா. வகுப்புக்குத் திரும்பினாள்.

தமிழும் கைவிடும் இடங்கள்

தமிழ் இருந்தால் ஜெர்மன் தானாக வந்துவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். டெர், டீ, டாஸ் விஷயத்தில் தமிழும் இங்கிலீஷும் சேர்ந்து கைவிரித்துவிட்டன. சொல்லைப் படிக்கும்போதே பாலையும் சேர்த்துப் படிப்பது ஒன்றே வழி. 'உங்' என்று முடிந்தால் டீ, 'ஹைட்', 'கைட்' என்று முடிந்தால் டீ என்று சில துருப்புகள் உண்டு. மீதி மனப்பாடம். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பூஜை அறை வரை மூன்று கலரில் ஸ்டிக்கர் ஒட்டினோம். வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடிப் பெட்டியில்கூட ஒன்று இருந்தது.

சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில் உட்கார்ந்தே தீரும் என்பது இன்னொன்று. 'இன்று நான் வேலை செய்கிறேன்' என்பது அவர்களுக்கு 'இன்று வேலைசெய்கிறேன் நான்'. பாப்பாவும் தவறு செய்தாள், நானும் செய்தேன். வினைச்சொல் இரண்டாக உடைந்து வால் மட்டும் கடைசிக்குப் போகும் சமாசாரத்தில் என் இங்கிலீஷ் மானத்தைக் காப்பாற்றியது. 'கால் யூ அப்' என்பதில் 'அப்' பின்னால் போகவில்லையா, அது மாதிரி என்று நான் சொல்ல, அவள் பிடித்துக்கொண்டாள்.

எண்கள்தான் பயமுறுத்தின. 21 என்பதை 'ஒன்றும் இருபதும்' என்பார்கள். இரத்த அழுத்தம் 145 என்றால் 'நூறு, ஐந்தும் நாற்பதும்'. 'ஐந்து' காதில் விழுந்ததும் கை 5 எழுதிவிட்டால் 154 ஆகிவிடும். வகுப்பில் அது ஒரு மதிப்பெண். வார்டில் அது வேறு விஷயம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் நான் எண்களைச் சொல்ல, அவள் எழுதுவாள். ஐம்பது எண்கள். ஒரு தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து.

பி1 முடிக்கும்வரை நானும் கூடவே போனேன். பிறகு அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. பி1 தேர்வையே நான் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாய்ச்சே வெல்லே இலவசமாகத் தரும் 'நிக்கோஸ் வேக்' என்ற வீடியோ தொடரை மட்டும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஜெர்மனிக்கு வந்த ஸ்பெயின்காரப் பையன் ஒருவன் வந்ததுமே பையைத் தொலைத்துவிட்டு அலைவான். சீரியல் பார்த்த மாதிரியும் ஆயிற்று, படித்த மாதிரியும் ஆயிற்று. இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் பணம் கட்டுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

52

பி2 தேர்வு. நான்கு பகுதிகளில் மூன்றில் தேறினாள். பேசுவதில் 78. கேட்டலில் 52. வேண்டியது 60.

கேட்டல் தேர்வில் சில பகுதிகளை ஒரே ஒரு முறைதான் ஒலிக்கவிடுவார்கள். ரேடியோ பேட்டி மாதிரி வேகமாக ஓடும். ஒரு சொல் புரியாமல் அதிலேயே நின்றுவிட்டால் அடுத்த மூன்று கேள்விகள் போய்விடும். நல்லவேளை, தோற்ற பகுதியை மட்டும் தனியாக எழுதலாம். ஆனாலும் மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு. அதற்குள் வேலை கொடுப்பதாகச் சொல்லியிருந்த இடத்தில் தேதி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இடையில் ஓர் ஏஜென்ட் போன் செய்து, 'சர்டிஃபிகேட் நாங்க பார்த்துக்கிறோம், பணம் மட்டும் கட்டுங்க' என்றார். தங்கை கொஞ்சம் தடுமாறினாள். நான் போனை வாங்கி, டீச்சர் குரலில் நாலு வார்த்தை கேட்டேன். வைத்துவிட்டார்.

ஆறு வாரம் வீட்டில் ஜெர்மன் வானொலிச் செய்திதான் சுப்ரபாதம். புரிகிறதோ இல்லையோ, நிறுத்தாமல் கேட்க வேண்டும், முடிந்தபிறகு தமிழில் என்ன கேட்டாய் என்று எனக்குச் சொல்ல வேண்டும். முதல் வாரம் 'ஏதோ ரயில், ஏதோ ஸ்ட்ரைக்' என்றாள். ஆறாவது வாரம் ரயில் ஊழியர்கள் எத்தனை சதவிகித உயர்வு கேட்கிறார்கள், நிர்வாகம் ஏன் மறுக்கிறது என்று எனக்கு வகுப்பெடுத்தாள்.

இரண்டாம் முறை 71.

ஒரு ராத்திரி போன்

பாப்பா இப்போது ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். நர்ஸ் பட்டத்தின் அங்கீகார வேலைகள் முடியும்வரை உதவியாளராகத்தான் வேலை. சங்கிலியை மீட்க இன்னும் நாலு மாதத் தவணை பாக்கி.

போன முதல் வாரமே அழுதுகொண்டு பேசினாள். அந்த வட்டாரத்தில் பேசுவது ஸ்வாபிய வழக்கு. சொல்லின் முடிவையெல்லாம் 'லெ' என்று இழுக்கிறார்கள், பாதியை விழுங்குகிறார்கள். பி2 புத்தகத்தில் இருந்த ஜெர்மனை வார்டில் காணோம். "நம்ம ஊருக்கு வர்ற ஒருத்தர் நியூஸ் பார்த்துத் தமிழ் கத்துக்கிட்டு வந்து, நேரா நாகர்கோவில்ல இறங்கின மாதிரி இருக்கு பெரியம்மா" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் நைட் ஷிப்டில் இருந்து கூப்பிட்டாள். எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். ஏதோ முனகுகிறார். கூட இருந்த இன்னொரு நாட்டுப் பெண்ணுக்குப் புரியவில்லை, மாத்திரை கேட்கிறாரோ என்று சார்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பாப்பா குனிந்து கேட்டிருக்கிறாள்.

'மிர் இஷ் கால்ட்.'

'இஸ்ட்' அந்த ஊரில் 'இஷ்' ஆகிவிடும். அது அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. "முதல் வார்த்தை மட்டும் கேட்டுது பெரியம்மா. 'எனக்கு'ன்னு ஆரம்பிச்சாங்க. அப்புறம் 'கால்ட்'. குளிருதுன்னு புரிஞ்சுபோச்சு. இன்னொரு கம்பளி எடுத்துப் போர்த்திவிட்டேன். கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, பத்து நிமிஷம் விடல."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவளே கேட்டாள்.

"உங்க பி1 பரீட்சை எப்போ பெரியம்மா?"

"அடுத்த மாசம் 14."

"எண்கள் பழகுறீங்களா?"

"பழகுறேன்டி."

"சரி, நோட்டு எடுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ஒரு தப்பு வந்தாலும் முதல்லேர்ந்து."